துணை ஒலிப்பதிவாளராகவே விடைபெறும் அக்காவுக்கு

செவிச் செல்வத்தால் இத்தொலைக்காட்சி நிலையத்தைச் செழிக்கச் செய்த சீர்மிகு அம்மையீரே! முப்பத்து மூன்று ஆண்டுகள் தம் முகம் காட்டாமல் பிறர் குரலை முழங்கச் செய்த முதன்மையே! காற்றில் கரைந்து போகும் சொல்லையும் கைப்பற்றிக் காத்த கலைச்சுடரே! வயதில் மூத்த எடிட்டர் முதல் நேற்று வந்து சேர்ந்த அறிவிப்பாளர் வரை ஒரே குரலில் "அக்கா" என்றழைக்கும் அன்புருவே! வணக்கம்.

மேலே கண்ட அடைமொழிகளில் பாதி உங்களுக்காகப் புனைந்தவை அல்ல. நம் நிலையத்தில் ஒரு பழைய மடல் உண்டு. யார் ஓய்வு பெற்றாலும் அதை எடுத்து, ஆண்டுக் கணக்கை மட்டும் மாற்றி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பது வழக்கம். சென்ற முறை லைட்மேனுக்குக் கொடுத்ததில் "ஒப்பனைக் கலையின் ஒப்பற்ற ஒளியே" என்ற வரி அப்படியே தங்கிவிட்டது. அவரும் அதை வீட்டில் மாட்டியிருக்கிறார். உங்களுக்கும் அதையே கொடுத்துக் கைதட்டி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தோம். சென்ற மாதம் நடந்த ஒன்றால் அது முடியாமல் போயிற்று.

அதற்கு முன், சொல்ல வேண்டியவற்றை முறைப்படி சொல்லிவிடுகிறோம். ஒலிப்பிரிவு ஒரு பெண்ணையும் கண்டிராத காலத்தில் வந்தீர்கள். குறிப்பேடு எழுத வந்திருக்கும் பெண் என்று எண்ணிக் கதவோரம் ஒரு நாற்காலி போட்டோம். நீங்களோ ஒலிக்கலவைப் பெட்டியான மிக்ஸரைத் தோளில் மாட்டிக்கொண்டு வேனின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். படகு என்ஜினின் இரைச்சலுக்கு நடுவே மீனவரின் முணுமுணுப்பைப் பிரித்தெடுத்தீர்கள். மழையில் நனைந்த கேபிளை மடியில் வைத்துத் துடைத்தீர்கள். மருத்துவமனை வராந்தாவில் அழுதுகொண்டிருந்த தாயிடம் மைக்கை நீட்டாமல், அவர் தாமாகப் பேசும் வரை தரையில் உட்கார்ந்து காத்திருந்தீர்கள்.

நீங்கள் வருமுன் நடிகைகள், செய்தி வாசிக்கும் பெண்கள் உடையில் மைக்கைப் பொருத்தியவர்கள் ஆண்கள்தாம். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தார்கள், சிலர் திருப்பிக்கொள்ளவில்லை. நீங்கள் வந்த அன்றுதான் மூச்சு விட்டுச் செய்தி வாசித்ததாக நம் மூத்த செய்தி வாசிப்பாளர் அம்மா போன வாரம் சொன்னார். அத்தனை காலம் அவர் மூச்சுவிடாமல் வாசித்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இத்தகைய பணிக்கு உரிய பதவி தலைமை ஒலிப்பதிவாளர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த நாற்காலி காலியானது. பணிமூப்பில் நீங்களே அடுத்தவர். அந்த வாரம் ஒலி, ஒளி, கேமரா, எடிட்டிங், அரங்கப் பிரிவுகளைச் சேர்ந்த நாங்கள் ஒன்பது பேர் இரண்டாம் அரங்கில் கூடி நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதினோம். வாசகம் அமைத்தது கேமராமேனாகிய நான். இம்மடலை எழுதும் கையும் அதே கைதான்.

அந்த மனுவில் மூன்று காரணங்கள் காட்டினோம். பளு தூக்க மாட்டார் என்பது முதலாவது. நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் நீங்கள் பெட்டிகளை ஏற்றியதை அத்தனை பேரும் பார்த்திருந்தோம். அடிக்கடி இடத்தை விட்டு வெளியேறுகிறார் என்பது இரண்டாவது. பெண்களுக்கான கழிப்பறை அடுத்த கட்டடத்தில் இருந்தது. அதை இங்கே கட்டித் தரும்படி நீங்கள் நான்கு முறை எழுதிக் கொடுத்ததும் எங்களுக்குத் தெரியும். அவர் எதிரில் ஆண்கள் மனம்விட்டுப் பேச முடியாது என்பது மூன்றாவது. வெட்கமாக இருக்கிறது அக்கா. கீழே "ஊழியர்கள்" என்று மட்டும் எழுதினோம். ஒருவரும் பெயர் போடவில்லை.

மனு வேலை செய்தது. உங்களிடம் மைக் பொருத்தக் கற்றுக்கொண்டவர் உங்களுக்குத் தலைவரானார். நீங்கள் மறுநாளும் வந்தீர்கள், எல்லாருடைய பேட்டரியையும் சரிபார்த்தீர்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். உங்களுக்குப் பாம்புச் செவி என்று முதுகுக்குப் பின்னால் கேலி பேசியவர்கள்தாம் நாங்கள். அப்படியும் இந்த நம்பிக்கை எங்களுக்கு எப்படி வந்ததோ!

சென்ற மாதம் உங்கள் பிரிவு விழாவில் காட்டும் படத்துக்காகப் பழைய நாடாக்களைத் தேடினோம். ஒவ்வொரு படப்பிடிப்பு முடிந்ததும் ஆளில்லாத அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்வீர்களே, எடிட்டிங்கில் பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே ஒட்டுவதற்காக, அப்படி ஒரு நாடா கிடைத்தது. "இரண்டாம் அரங்கம், அறைச் சத்தம்" என்று உங்கள் கையெழுத்து. காப்பகத்துப் பெண் அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி எங்கள் பக்கம் நீட்டினாள்.

அதில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். விருந்தினர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மனு எழுதியிருக்கிறோம். மேசை மேல் இருந்த நான்கு மைக்குகளும் திறந்தே இருந்திருக்கின்றன. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவு அறையில் விளக்கு எரியாததால் நீங்கள் சாப்பிடப் போய்விட்டதாக நினைத்தோம். மைக்கோடு ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்தியவர்கள் செய்த காரியம் இது. கழிப்பறை பற்றி நான் சொன்ன நகைச்சுவையும், அதற்கு எட்டுப் பேர் சிரித்த சிரிப்பும் துல்லியமாகப் பதிவாகியிருக்கின்றன. உங்கள் பதிவில் துல்லியம் இல்லாமல் போகுமா?

பதினோரு நிமிடங்களுக்குப் பிறகு உங்கள் குரல் வருகிறது. நாடாவுக்கு மட்டும் கேட்கும்படி, வழக்கமாக எடுப்பு எண் சொல்லும் அதே குரலில் சொல்கிறீர்கள்: "இரண்டாம் அரங்கம், அறைச் சத்தம், முதல் எடுப்பு. சரியில்லை. பேச்சு விழுந்திருக்கு. மறுபடி எடுக்கணும்."

பிறகு நீங்கள் வெளியே வந்து, ஒரு நிமிடம் அரங்கைக் காலி செய்து தரச் சொன்னது எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது. மடித்த மனுவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உங்களுக்குக் கதவைப் பிடித்தவன் நான். "தேங்க்ஸ்" என்றீர்கள். இரண்டாவது எடுப்பில் பேச்சு இல்லை.

நாடாவைக் கேட்ட மறுநாள், மன்னிப்புக் கேட்க எடிட்டரை உங்களிடம் அனுப்பினோம். எங்களில் வயதானவர், ஓய்வுக்குப் பின்னும் ஒப்பந்தத்தில் தொடர்பவர், உங்களால் கோபித்துக்கொள்ள முடியாதவர் என்று கணக்குப் போட்டே அனுப்பினோம். அவர் சொல்லி முடிக்கும் வரை கேபிள் சுருட்டிக்கொண்டிருந்த நீங்கள், "மனுவை ஒன்பது பேரா உட்கார்ந்து எழுதுனீங்க. மன்னிப்புக்கு மட்டும் ஒரு ஆள அனுப்புறீங்களா அண்ணே?" என்று கேட்டீர்களாம். அவர் திரும்பி வந்து எங்கள் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொன்னார்.

ஆகவே இன்று, நிலைய இயக்குநரும், முன்வரிசையில் உங்கள் கணவரும் மகளும் அமர்ந்திருக்கும் இந்த அவையில் சொல்கிறோம். அந்த மனு பொய். எழுதியது நாங்கள். தகுதியில் நீங்களே தலைமை ஒலிப்பதிவாளர். பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்ததும் நீங்களே. மனுவைத் திரும்பப் பெறும் கடிதத்தை இன்று காலை கொடுத்தோம். ஓய்வு பெறும் நாளில் கோப்பில் ஒரு தாள் சேர்வதால் யாருக்கு என்ன பயன் என்று நிர்வாக அதிகாரி கேட்டார். நியாயமான கேள்விதான். இருந்தாலும் கடிதத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்தோம்.

எங்கள் வெட்கம் இத்தோடும் முடியவில்லை. இன்று பிற்பகல் இந்த அரங்கின் ஒலிபெருக்கியில் இரைச்சல் வந்தபோது, உங்கள் விழாவென்றும் பாராமல் உங்களையே கூப்பிட்டோம். பட்டுச்சேலையோடு மேடைக்கடியில் குனிந்து சரிசெய்துவிட்டுப் போய் உட்கார்ந்தீர்கள். நீங்கள் சரிசெய்த மைக்கில்தான் இதை வாசிக்கிறேன்.

அன்புக்குரிய அக்கா! நலமும் வளமும் நிறைந்து நெடுநாள் வாழ்க! உங்கள் செவி கூர் மழுங்காதிருக்க! இனி அது நீங்கள் விரும்பியதை மட்டும் கேட்க! விரும்பாததை நாங்கள் பேசினால் எழுந்து போக உங்களுக்கு முழு உரிமை உண்டு, இன்றும்கூட. எங்களை மன்னிக்கும்படி வேண்டுகிறோம். மன்னிக்காவிட்டாலும் அது நியாயமே.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவர் கண்காணாத தேசத்தில் இருக்கிறார். எஞ்சிய எழுவரில் அறுவர் இங்கே ஒப்பமிட்டுள்ளோம். அந்த மனுவால் தலைமைப் பதவி பெற்றவர் ஒப்பமிட மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லும் யோக்கியதை எங்களுக்கு இல்லை. அவர் இப்போது இரண்டாம் வரிசையில், உங்களுக்கு நேர் பின்னால் அமர்ந்திருக்கிறார்.

இங்ஙனம், தலைகுனிந்து,
கேமராமேன்
எடிட்டர்
பூம் மைக் பிடிப்பவர்
லைட்டிங் மேற்பார்வையாளர்
அரங்க மேலாளர்
துணை எடிட்டர்

ஏழாவது ஒப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். சட்டத்துக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை. பேனா மேடைமேல் இருக்கிறது.