கிழக்கே மறைந்த சூரியனுக்குக் கைதட்டியவர்கள்

அவைக்கு அணிசேர்க்கும் நம் காலனி அசோசியேஷன் தலைவர் தோத்தாத்ரி அவர்களே! அகவையால் உயர்ந்து அனுபவத்தால் கனிந்த ஆன்றோர்களே! மடியில் மழலையையும் மனத்தில் பொறுமையையும் சுமந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! கிழக்கு வானில் செம்பொன்னைச் சிந்தியபடி சூரியன் மறைகின்ற இந்தச் சேலையூர் மாலையில், உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்!

நன்றி, நன்றி. கைதட்டல் அடங்கட்டும்.

அடங்கிற்றா? இப்போது சொல்லுங்கள்: சூரியன் கிழக்கிலா மறைகிறது? தலைவர் தட்டினார். அவரைப் பார்த்து முன்வரிசை தட்டியது. முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை தட்டியது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும் ராஜாராமன் சாரும் தட்டினார்! ஏன் சார் குனிகிறீர்கள்?

'சமூகவியல் ஓர் அறிமுகம்' என்று பேச வேண்டிய பேராசிரியர் வரவில்லை. "அந்த இன்ஜினீயர் பையன் சும்மாதானே இருக்கான், ஏத்தி விடுங்கோ" என்றார் தலைவர். ஏறிவிட்டேன். அறிமுகமும் முடிந்துவிட்டது! அந்தக் கைதட்டல்தான் சமூகவியல். தனியே இருக்கும் மனிதன், நாலு பேர் நடுவே எப்படி வேறொருவனாகிறான்? இதுதான் அந்தச் சாஸ்திரத்தின் கேள்வி.

தாம்பரம் ஸ்டேஷனில் தினமும் பார்க்கிறோமே! எவனோ ஒருவன் எதிர் பிளாட்பாரத்துக்கு ஓடுகிறான். வெற்றிலை வாங்க ஓடுகிறானா, வீட்டுக்கு ஓடுகிறானா, யார் கேட்டார்கள்? பட்டம் பெற்றவர் ஓடுகிறார், பதவியில் இருப்பவர் ஓடுகிறார், படிக்கட்டே அதிர ஓடுகிறார்கள். ரயில் வருவதோ பழைய பிளாட்பாரத்தில்! காந்தத்தைக் கண்ட இரும்புத்தூள்கூட இவ்வளவு விசுவாசமாகத் திரும்பாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனிமேல் சிரிப்பு வராது.

நம் காலனிக் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. பம்பு ஓட்டும் சிட்டிபாபுவின் கவனக்குறைவு என்று போன ஞாயிறு கூட்டத்தில் தீர்மானம் போட்டீர்கள். நான் அன்று டியூட்டியில் இருந்தேன். தலைவர் கை தூக்கினாராம், எல்லாக் கையும் எழுந்ததாம். வேலையும் போச்சு, அவன் குடியிருந்த பம்பு ஷெட்டும் போச்சு. அதோ பாருங்கள், பந்தலுக்கு வெளியே கைவண்டி. அதில் இருப்பது அவனுடைய பானை, பாய், அவன் மனைவி தையல்நாயகியின் தகரப் பெட்டி.

"தம்பி, டாபிக்குக்கு வாப்பா!"

டாபிக்கில்தான் நிற்கிறேன் அண்ணா, நீங்கள்தான் நெளிகிறீர்கள்.

நான் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். கிணறு வற்றிய பிறகும் ஓடியிருக்கிறது. தண்ணீரில்லாத பம்பு சூடேறி இறுகியது. இறுகியதைச் சுழற்றப் பார்த்து மோட்டார் கருகியது. "ஏம்பா ஓட்டினே?" என்று கேட்டேன். "நான் இன்னா சார் பண்றது? நிறுத்தப் போனா, வூட்டுக்கு ஒருத்தரா வந்து, இன்னும் கொஞ்சம் ஓட்டுப்பான்னு நின்னுகினாங்க" என்றான்.

வீடு வீடாகப் போனேன். "விருந்தாளி வந்திருந்தா, நான்தான் கேட்டேன். பாவம், அவன் என்ன பண்ணுவான்?" என்றார் திரிபுரசுந்தரி மாமி. "நானும் கேட்டேன் பிரதர்" என்றார் ஐசக் சார். வாசற்படியில் எல்லோரும் நியாயவான்கள்! வாசற்படியில் எல்லோரும் வள்ளல்கள்! அந்த நியாயம் கூட்டத்துக்கு வரும்போது செருப்போடு சேர்ந்து வெளியே நின்றுவிட்டதா? கேட்டது நீங்கள், குடித்தது நீங்கள், குளித்தது நீங்கள். குற்றவாளி மட்டும் அவனா?

தலைவர் மணி அடிக்கிறார். "மிஸ்டர், இது ஆண்டு விழா" என்கிறார். ஆமாம் சார், செயல்முறை விளக்கத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

எல்லோரும் கண்ணை மூடுங்கள். தலைவரே, நீங்களும். சிட்டிபாபு போகத்தான் வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்.

நான் மட்டும் பார்க்கிறேன். ஒரு கைகூட இல்லை. தலைவர் கையும் மடியில்தான் கிடக்கிறது.

கண்ணைத் திறக்கலாம். இப்போது வெளிச்சத்தில் கேட்கிறேன். அவன் இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்.

ஏன் பக்கத்து முகத்தைப் பார்க்கிறீர்கள்? விடை அங்கேயா எழுதியிருக்கிறது? கண் மூடினால் மனிதர்கள், கண் திறந்தால் மந்தையா? தூக்கினால் கை உதிர்ந்துவிடுமா?

அதோ... மூன்றாவது வரிசையில் ஒரு கை. ஹில்டா டீச்சர்! பக்கத்தில் யார் தூக்கினார்கள் என்று பார்க்காமல் எழுந்த கை. இதோ மாமி. ஐசக் சார். இனி என்ன, எழும், எல்லாம் எழும், எனக்குத் தெரியும். தலைவரே, கடைசிக் கை உங்களுடையது; ஆனாலும் கணக்கில் உண்டு.

சிட்டிபாபு, சாமான்களை இறக்கு.

முதல் கைக்கு என் வணக்கம். பார்த்துவிட்டுப் பின்னால் வந்த கைகளுக்கு, வெறும் நன்றி.