ஆனக்குளிச்சான் மடு

— இந்த ஓரத்தப் பல்லுல கடிச்சுக்கணும், நைனாரே.

— எத்த? வலையவா?

— வேற எத்த? பாதி இடது முழங்கையில, மீதி வலது கையில. நடுவுல இத்தக் கடிச்சுக்கினு ஒரு சுத்து சுத்தி வுட்டா, குடை மாதிரி விரிஞ்சு வுழும். கடிக்கலன்னா சுருண்டு போயி கல்லு மாதிரி வுழும். மீனு சிரிக்கும்.

— அருகனே! கவிச்சி மூக்கத் தொளைக்குதே, இளையபெருமாளு.

— மீன் வலையில மல்லியப்பூவா மணக்கும்? முடியலன்னா கரையேறிடுங்க. ஒரே வீச்சுல ஒரு விராலப் புடிச்சு நானே குடுத்துடறேன்.

— வேணாம். அத்த ஞாயித்துக்கெழமயே பேசி முடிச்சுட்டோம். எம் ஊட்டுக்காரி லீலாவதிக்காவப் போற உசுரு அது. அந்தப் பாவம் எங்கையிலதான் இருக்கணும். உங்கையில ஏத்த எனக்கு மனசு வல்ல.

— நல்லா இருக்குது ஞாயம்! நானு நாப்பது வருசமா புடிச்சதெல்லாம் யாரு கையில இருக்குதாம்?

— நீ பசிக்குப் புடிக்கற. நான் தெரிஞ்சே பண்றேன். தண்ணியக் கூடத் துணியில வடிகட்டிக் குடிக்கற ஊடு எங்க ஊடு. துணியில ஒட்டுன பூச்சியக் கூட லீலாவதி மறுபடியும் கெணத்துலயே வுட்டுட்டு வருவா. தெரியுதா?

— தெரியாம இன்னா? ஒங்க ஊட்டுக்கு மல்லாட்டச் செடியில கடல பறிக்க வரும்போதெல்லாம் பாக்கறதுதான. ஒரு நாளு, "ஏம்மா, அந்தப் பூச்சி போயி உங்களுக்கு நல்லது சொல்லப் போவுதா?"ன்னு கேட்டேன். "கெட்டது சொல்லாம இருந்தாப் போதும்"னாங்க. சிரிப்பா வந்துச்சு.

— சிரிச்சு ரெண்டு மாசம் ஆச்சு அவ.

— இருங்க, வலைய நானே மடிச்சு ஒங்க கையில போட்டுடறேன். நீங்க பிரிச்சு கிரிச்சுப் பாக்க வேணாம். சிக்கிக்கும்.

— எங்க வீசறது? ஒண்ணுமே தெரியல. எதிர்க்கரை எங்க போச்சு?

— பனி முழுங்கிடுச்சு. வெயிலு வந்தா கக்கிடும். மழை வுட்டு பத்து நாளாச்சு, இன்னம் ரெண்டு கரையும் தொட்டுக்கினு போவுது பாருங்க. சீனாச் சண்டை வந்த வருசம் பேஞ்ச மழைக்குக் கூட சங்கராபரணி இம்மாம் அகலம் காட்டல.

— அதோ ராஜாகிரி. மேல கோட்டை மட்டும் நிக்குது. கீழ மலையவே காணோம்.

— மார்கழியில அப்படித்தான். மலை எறங்கிப் போயி ஆத்துல குளிச்சுட்டு, பொழுது ஏறுனப்புறம் வந்து நிக்கும். யாருகிட்டயும் சொல்லாதீங்க.

— கிண்டல் பண்ற.

— குளுருக்கு ஏதோ பேசறேன். சிங்கவரத்துல கூட பாட்டு போட்டுட்டான், கேக்குதா? கோயிலு எந்தத் திசையில இருக்குதுன்னே தெரியல. தண்ணிக்குள்ளேருந்து பாடற மாதிரி இருக்குது.

— இளையபெருமாளு, எனக்குக் கண்ணு மூடியே நாலு நாளாச்சு. நின்னுக்கினே கனா காணறேன். எது நெசம், எது கனான்னே புரியல. அன்னிக்கு மண்டிக்குப் போயிட்டு ஊட்டுக்கு வரேன், அவ கால் வெரலுல காஞ்ச வண்டல் ஒட்டிக்கினு இருக்கற மாதிரி இருந்துது. எழுந்து நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்கறவ. அவ கால்ல ஏது ஆத்து வண்டல்?

— ஏது?

— அதான் சொல்றேனே, கனா.

— சரி. காணுங்க. மீனுங்களும் இப்ப தூக்கந்தான். குளுருக்கு மடுவோட அடியில ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கெடக்கும். ஆனக்குளிச்சான் மடுன்னு சும்மாவா சொன்னாங்க? கோட்டை ராசாவோட ஆனை முங்குனா முதுகு தெரியாதாம்.

— தூங்கற உசுரையா புடிக்கணும்?

— முழிச்சிருக்கறது ஒங்களுக்கு மாட்டாது, நைனாரே.

— கொஞ்சம் இரு.

— இன்னா முணுமுணுக்கறீங்க?

— மன்னிப்புக் கேக்கறேன்.

— மீனுகிட்டயா?

— எது வரப் போவுதோ, அதுகிட்ட.

— பேரு தெரியாது, பொதுவாவே கேட்டு வெச்சுடுங்க. உம், கடிங்க. நல்லாக் கடிங்க. சுத்தி வீசுங்க!

— த்தூ... சுருண்டுடுச்சே.

— வாய முன்னமே வுட்டுட்டீங்க. கையி வுட்டப்புறந்தான் வாயி வுடணும். இழுங்க. ஒண்ணும் கெட்டுப் போவல. குடுங்க, மறுபடி மடிக்கறேன். அது கெடக்கட்டும், டாக்டரு இன்னாதான் சொன்னாரு?

— பாண்டிச்சேரி வரைக்கும் பஸ்ஸுல கூட்டிக்கினு போயிக் காட்டுனேன். கண்ணு ரப்பைய இழுத்துப் பாத்தாரு. "ஒடம்புல ரத்தமே இல்ல, மீன் சாறு குடுங்க"ன்னு அவ எதிர்லயே சொல்லிட்டாரு. அவள வெளிய ஒக்கார வெச்சுட்டு என்னத் தனியாக் கூப்புட்டு, "இப்படியே போனா தை தாண்டறது கஷ்டம்"னாரு.

— அம்மா இன்னா சொன்னாங்க?

— மீன் சாறுன்ன ஒடனே என்னப் பாத்தா.

— நீங்க?

— தலையக் குனிஞ்சுக்கினேன்.

— உம். மருந்துக் கடையில மீனெண்ணெய் சீசாவுல விக்கறான்னு சொல்றாங்களே.

— அத்தயும் பண்ணிப் பாத்துட்டேன். ஐப்பசியில லேசா சோகை மாதிரிதான் இருந்துது. கம்பவுண்டரு பேச்சக் கேட்டு மீனெண்ணெய் வாங்கியாந்து, அவளுக்குத் தெரியாம கேவுருக் கூழுல கலந்து குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சா. மூணாவது வாயில மொகம் மாறிடுச்சு. அன்னிக்குப் பூரா வாந்தி. பிராயச்சித்தம்னு மூணு நாளு பச்சத்தண்ணி தொடல.

— ஒங்கள ஏதாவது கேட்டாங்களா?

— ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தாலும் தேவல. அதுக்கப்புறம் சாப்பாடே எறங்கல அவளுக்கு. நான்தான் அடுப்பு ஊதி ஊதி கஞ்சி வெக்கறேன். மோந்து பாக்கறா, வெச்சுடறா. பாலு, டானிக்கு, எதுவா இருந்தாலும் அப்படித்தான். வாழப்பழத்த மட்டும் தோலோட குடுத்தா, தானே உரிச்சுத் திங்கறா. நோவு அவ வாயக் கட்டிடுச்சு.

— நோவுதான்னு சொல்றீங்க.

— பின்ன வேற இன்னா?

— ஒண்ணுமில்ல. மோந்து பாக்கறவங்களுக்கு மீன் சாற எப்படிக் குடுப்பீங்க?

— ஒங்க ஊட்டுல மாரியம்மா வெச்சுக் குடுக்கட்டும். சுக்கு, மெளகு தூக்கலாப் போட்டு. கஷாயம்னு சொல்லிடுவேன்.

— எங்க சட்டியில வெச்ச சாறு ஒங்க வாசப்படி ஏறுமா, நைனாரே?

— அவ பொழைக்கட்டும். எந்தச் சட்டியா இருந்தா இன்னா?

— இத்த இருவது வருசத்துக்கு முந்தியே சொல்லியிருக்கலாம். சரி, கடிங்க. இப்ப வீசுங்க.

— விரிஞ்சுது! இளையபெருமாளு, விரிஞ்சுது!

— ஆமா, குடையேதான். ஒடனே இழுக்காதீங்க. வலையோரத்து ஈயக்குண்டு அடியத் தொடட்டும். கவுறு சொல்லும்.

— சொல்லுது. உள்ள ஏதோ முட்டுது. பெருசு. நெஞ்சு வரைக்கும் அதிருது. அருகனே, என்ன மன்னிச்சுக்கோ... தோ வருது பாரு, கருப்பா முதுகு... லீலாவதி, பொழைச்சுக்கினடி!

— மெதுவா.

— ஐயோ.

— இன்னா?

— இருந்துது. இப்ப இல்ல. வெறும் எலையும் சேறுந்தான் இருக்குது.

— ஆத்து மீனு அப்படித்தான். வுடுங்க, இன்னிக்கு வேளை சரியில்ல.

— இன்னொரு தரம். மடிச்சுக் குடு. உம்... இதுவும் அப்படியே. வருது, மேல வந்ததும் காணாமப் போயிடுது. இன்னா மாயம் இது?

— பல்லு கிட்டுது ஒங்களுக்கு. கரைக்கு வாங்க, நைனாரே.

— அந்தக் கலயத்துல தொப்பு தொப்புன்னு கேக்குதே, அது இன்னா?

— விடியறதுக்கு முந்தி, தண்ணியில வெச்ச பறிக்கூடையில வுழுந்தது. ஒரு விராலு.

— அத்தக் குடு.

— எங்கையாலதான் புடிப்பேன்னீங்களே?

— குடுன்றேன்! பாவம் யாரு கையில வேணாலும் இருக்கட்டும். எனக்கு அவ வேணும். தோ, உங்கால்ல வுழறேன்.

— ஐயையோ, இன்னா பண்றீங்க? எழுந்திருங்க. அந்த மீன நான் குடுக்க முடியாது.

— ஏன் முடியாது? அந்தக் கலயத்த... இளையபெருமாளு, இன்னா இது? வலையில எங்கையே பூந்து போவுது.

— அத்த வுடுங்க.

— இரு. இது நைஞ்சு போன கிழிசல் இல்ல. வரிசையா அறுத்திருக்குது. நீதான மடிச்சு மடிச்சுக் குடுத்த? இத்த அறுத்தது நீயா?

— சோறு போடற வலைய நானே அறுப்பனா?

— பின்ன யாரு?

— ஒக்காருங்க. சொல்லிடறேன். போன வெள்ளிக்கெழம நீங்க மல்லாட்ட மூட்டைய ஏத்திக்கினு செஞ்சி மண்டிக்குப் போனீங்க இல்ல? அன்னிக்கு ஒங்க இன்னொரு வண்டியப் பூட்டிக்கினு அம்மா வந்தாங்க. எறங்கி இந்த மேடு தாண்டவே அர நாழி ஆச்சு. நீங்க ஒக்காந்திருக்கற எடத்துலதான் ஒக்காந்தாங்க.

— லீலாவதியா? இந்த வண்டல்லயா?

— "அவரு ஒங்கிட்ட வருவாரு, இளையபெருமாளு. கிழிஞ்ச வலையாப் பாத்துக் குடு"ன்னாங்க.

— நான் உன்னக் கேட்டதே ஞாயித்துக்கெழமதான!

— டாக்டரு சொன்னப்ப நீங்க முடியாதுன்னு சொல்லலியாம், தலையக் குனிஞ்சுக்கினீங்களாம். அதுலயே தெரிஞ்சுக்கினாங்க. "எங்கிட்ட கிழிஞ்ச வலை இல்லம்மா, வேணும்னா அறுத்துடறேன்"னேன். "வேணாம். ஏமாத்தறதும் பாவந்தான், அது உங்கையில வேணாம், எங்கையிலயே இருக்கட்டும்"னு மடியிலேருந்து பாக்குவெட்டிய எடுத்து அவங்களே அறுத்தாங்க. ஒவ்வொரு கண்ணியா அறுக்கறாங்க. புருசனும் பொண்டாட்டியும் ஒரே பாடத்தத்தான் படிச்சிருக்கீங்க. முடிச்சுட்டு, "அப்புறமாத் தச்சுக்கோ"ன்னு ஒரு கண்டு நூலு குடுத்தாங்க. தோ, இடுப்புலயே இருக்குது.

— அவ நூலு நூத்து வெச்சிருந்த கண்டுதான் இது. சாவறதுக்கு அவ்வளவு ஆசையா அவளுக்கு? என்னத் தனியா வுட்டுட்டு...

— நானும் அத்தத்தான் கேட்டேன், நைனாரே. "ஏம்மா, சாவணும்னு இருக்கீங்களா?"ன்னு.

— இன்னா சொன்னா?

— "சாவ யாருக்கு ஆசை? எனக்குப் பசிக்குது, இளையபெருமாளு. ஐப்பசியிலேருந்து பசிக்குது. அவரு குடுக்கறத நம்பிக் குடிக்க முடியல. ஒரு நாளு ஆத்துலேருந்து அவரு வெறுங்கையோட வரட்டும், அன்னிக்கு அவரு எதக் குடுத்தாலும் மோந்து பாக்காமக் குடிக்கறேன்"னாங்க.