ஆணிக் கம்பெனிக்கு ஒப்பாரி

ஐயே, பாட மாட்டேன்னா பாட மாட்டேன், நைனா. எத்தினி வாட்டி கேட்டாலும் அதே தான். குந்து, இந்தப் பலகை மேல குந்து. கீய எல்லாம் மீன் தண்ணி, வேட்டி கலீஜாயிடப் போவுது. மயிலாப்பூர்லேந்து பஸ்ஸு மாறி பஸ்ஸு வந்துகீற, ரவ நேரம் மூச்சு வாங்கிக்க.

வெக்கமா? எனுக்கா? நல்லா கேட்ட போ. காசிமேட்டுல கூடைய எறக்கி வச்சிட்டு நான் ஒரு கூவு கூவுனா, ராயபுரம் டேசன்ல நிக்கிறவன் திரும்பிப் பாப்பான். தொண்டைக்கு ஒண்ணும் கேடு இல்ல. நீ புஸ்தகம் போடுறது நல்ல காரியம், நான் இல்லேன்னு சொல்லல. கை ஓங்காம, கல்லெடுக்காம சனங்க போராடுனாங்களே, அந்தப் பாட்டெல்லாம் சேத்துப் போடுற. போடு. நடந்தத சொல்றேன், எய்திக்க. பாடு மட்டும் சொல்லாத.

என் வூட்டுக்காரு சுப்புராயனுக்கு திருவொத்தியூர்ல ஆணிக் கம்பெனில வேல. கம்பி இயுக்குற மிசினு. வெள்ளக்காரன் போறதுக்கு முந்தின வருசம், பக்ருதீன்னு ஒருத்தரு, இவரோட தோஸ்து, அவருக்கு மிசின்ல கை பூட்ச்சி. மணிக்கட்டோட. கம்பெனி தொரை இன்னா செஞ்சான்ற? கை இல்லாதவனுக்கு இங்க இன்னா வேலன்னு வூட்டுக்கு அனுப்பிச்சிட்டான், பாவி. அத்தொட்டு ஆம்பளைங்க எல்லாம் வேலைய வுட்டுட்டு வாசல்ல குந்திக்கினாங்க. அவன் கதவச் சாத்திட்டான்.

சங்கத்துக்காரங்க கண்டிசனா சொல்லிட்டாங்க, எவனும் கை ஓங்கக் கூடாது, அடிச்சா வாங்கிக்கணும்னு. எங்க ஆளு மூக்கு மேல கோவம் வச்சிகினு திரியிற மனுசன். அவரு லத்தி அடி வாங்கிக்கினு, கையக் கட்டிக்கினு குந்தினு இருந்தாரு பாரு... சரி வுடு. எல்லாரையும் போலீசு லாரில அள்ளிக்கினு பூட்டாங்க. மறுநாளு அதே எடத்துல பொம்பளைங்க நாங்க போயி குந்திக்கினோம்.

குந்திட்டோமே தவுர, அப்பால இன்னா செய்யிறதுன்னு தெரியல. கோசம் போடுங்கன்னாங்க. எங்களுக்கு கோசம் எங்க வருது? ஒருத்தி ஒயிகன்னா இன்னொருத்தி வாய்கன்றா. மானம் போவுது. பக்கத்து வூட்டு வரலட்சுமி தான் சொன்னா, யக்கா, உனுக்கு இன்னா வருமோ அத எடுத்து வுடேன்னு. எனுக்கு இன்னா வரும்? எங்க குப்பத்துல எந்த வூட்டுல சாவுன்னாலும் ஒப்பாரிக்கு என்னத்தான் இட்டுக்கினு போவாங்க. எங்கம்மா செத்தப்ப நானே பாட்டு கட்டி அயுதது ஒண்ணு இருந்திச்சி. அத எடுத்தேன்.

வார்த்தையா? வார்த்த சொல்றேன், ராகம் போட மாட்டேன். கடலுக்குப் போன கட்டுமரம் கரைக்கு வந்து சேந்திடுச்சே, கரையில நின்ன தாயே நீ எந்தக் கடல் போனியோ. இதான் எங்கம்மாவுக்கு. அன்னிக்கு ரெண்டாவது அடிய மட்டும் மாத்திக்கினேன். கதவச் சாத்துன தொரையே நீ எந்தக் கடல் போனியோ.

உசுரோட கீறவனுக்கு ஒப்பாரி வச்சா எப்டி இருக்கும், சொல்லு. தலைய விரிச்சிப் போட்டுக்கினு மாருல அடிச்சிக்கினு அயுவுறோம். தொரை மாடில வந்து நின்னுக்கினு யாரு செத்துட்டாங்கன்னு கேக்குறான். வாட்ச்மேன் சலாம் வச்சிட்டு, நீங்க தாங்க தொரைன்றான். அவன் மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே! போலீசுக்காரனுங்க லத்திய வச்சிக்கினு முயிக்கிறானுங்க. அயுவுறவள எப்டி அடிப்பான்? அதுல ஒருத்தன் அந்தாண்ட திரும்பிக்கினு கண்ணத் தொடச்சிக்கினான், அவனுக்கு அம்மா இல்லியாம். தொரை வூட்டு சமையக்காரன், சாவு வூட்டுல நான் ஒலை வெக்க மாட்டேன்னு வேலைய வுட்டே ஓடிட்டான். காலைல போறது, அயுவுறது, பொயுது சாஞ்சா வூட்டுக்கு வர்றது, இதே பொயப்பா பூட்ச்சி. தொண்டை கட்டி, கசாயம் குடிச்சிக்கினு போயி அயுதோம். கடசில கதவத் தொறந்தான், புடிச்சினு போன ஆம்பளைங்களயும் வுட்டாங்க. பக்ருதீனுக்கு வாசல்லயே ஸ்டூல் போட்டு குந்துற வேல குடுத்தான்.

அப்பால தான் பேஜாரு. இல்ல, அப்ப பேஜாருன்னு தெரியல, பெருமையாத்தான் இருந்திச்சி. பொய் சொல்ல மாட்டேன். சங்கத்துல பாட்ட அச்சுப் போட்டாங்க. ஆம்பளைங்களுக்கு எதுக்கு அயுவுற பாட்டுன்னு வேகம் ஏத்தி, கைத்தட்டு சேத்தாங்க. தொரை கப்பலேறிட்டான், சேட்டு வந்தான். தொரைய எடுத்துட்டு மொதலாளின்னு போட்டுக்கினாங்க. நான் மொத அடி பாடணும், கூட்டம் ரெண்டாவது அடி பாடணும். கதவச் சாத்துன மொதலாளி, நீ எந்தக் கடல் போனியோ, டப்பு டப்புன்னு தட்டு. துறமுகத்துல அதான், பெரம்பூர்ல அதான், எலெக்சன் வந்தா அதான். மேடை மேல ஏத்தி எனுக்கு மாலை போட்டாங்க. இந்த சந்துல பசங்க பாண்டி ஆடும்போது கூட அதத்தான் பாடும்ங்க. எங்க ஆளு இன்னா சொல்வாரு தெரியுமா, நான் கையக் கட்டிக்கினு ஒத வாங்குனேன், எம் பொண்டாட்டி வாயத் தொறந்து ஜெயிச்சிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவாரு.

அவரையும் பாத்து நாலு வார்த்த கேட்டுக்கணும்ன்றியா?

எங்க போயி பாக்குறது, நைனா. ஐப்பசி மயைல பூட்டாரு. மாரு வலிக்குது, ஒரு சோடா வாங்கியான்னாரு. நான் வாங்கியாறதுக்குள்ள பூட்டாரு.

அட வுடு, உனுக்கு எப்டி தெரியும்.

சனம்னா சனம், கம்பெனியே தெரண்டு வந்திச்சி. கொடி போத்துனாங்க. பக்ருதீனு ஒத்தக் கையால பந்தக்கால் நட்டாரு. நான் தலமாட்டுல குந்திக்கினு மொத அடி எடுத்தேன். எங்கம்மாவுக்கு அதான் அயுதேன், இவருக்கும் அதான, எனுக்கு வேற இன்னா தெரியும்? கரைக்கு வந்து சேந்திடுச்சேன்னு இயுக்குறேன், பந்தல்ல நின்னவனுங்க, வேணும்னு இல்ல, பயக்க தோசம் பாவம், கதவச் சாத்துன மொதலாளின்னு புடிச்சிக்கினானுங்க. கைத்தட்டு வேற. சந்துல பசங்க சேந்துக்கினு குதிக்கிதுங்க. எவனோ ஒருத்தன் வாய்கன்றான். என்னக் கட்டிக்கினு அயுதுக்கினு இருந்த வரலட்சுமி, முந்தானைய வாயில வச்சி அமுக்கிக்கினு சிரிக்கிறா. எனுக்கே சிரிப்பு வந்திடுச்சி, நைனா. புருசன் பொணத்தாண்ட.

வாய மூடிக்கினேன். அதோட செரி.

கல்லு நெஞ்சுக்காரி, ஒரு சொட்டு கண்ணீரு வுடலன்னு இந்த சந்துல பேசிக்கிறாங்க. எப்டி வுடுறது? எங்க பொம்பளைங்களுக்கு அயுவ தானா வராது, பாட்டு தான் இட்டுக்கினு வரணும். மீன் ஆயும்போது, தனியா குந்திக்கினு வேற ஒண்ணு கட்டிப் பாத்தேன். ரெண்டாவது அடிக்குப் போறதுக்குள்ள காதுல அந்தக் கைத்தட்டு கேக்குது. முடியல, நைனா.

அந்தப் பாட்ட நீ தாராளமா போட்டுக்க. பேரும் போடு, கன்னியம்மா, சுப்புராயன் சம்சாரம்னு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. ஊரு ஊரா போயி பாட்டு சேத்துக்கினு வர்ற. உன் பையில எவளாவது அயுத பாட்டு ஒண்ணு கீதா, எந்தக் கூட்டத்துலயும் பாடாதது? ராகம் தெரியாட்டி பரவால்ல, நான் போட்டுக்கிறேன். நீ சொம்மா படி. அவருக்கு நான் இன்னும் அயுவல.