எறும்பு வராத கட்டு

மருமகள்: காலை ஆட்டாதீங்க மாமா.

மாமனார்: நான் ஆட்டலை. அது தானா ஆடுது. முப்பது வருஷமா தச்சுப் பட்டறையில பலகையை அழுத்திப் பிடிச்ச கால் கட்டைவிரல்... சும்மா இருன்னா அதுக்குத் தெரியலை.

மருமகள்: நாளைக்கு டாக்டர் புண்ணைப் பாத்துட்டு விரலை எடுத்துடணும்னு சொல்லிட்டா சும்மாதான் இருக்கும். ஆஸ்பத்திரிக் குப்பையில.

மாமனார்: மருந்துக் கடையில வேலை பாக்குறவ பேசுற பேச்சா இது?

மருமகள்: அங்க இதைவிட மோசமா பேசுவேன். விரலைக் குடுங்க, சர்க்கரை பாக்கணும்... அட, கை விரலு.

மாமனார்: எவ்வளவு காட்டுது?

மருமகள்: முந்நூத்திப் பன்னெண்டு.

மாமனார்: மிஷின் கெட்டிருக்கும்.

மருமகள்: இப்பத்தான் எனக்குப் பாத்தேன், தொண்ணூறு. பத்து நாள் முன்னாடி உங்களுக்கு இருநூறு. மாத்திரை போட்டும் ஏறுதுன்னா, என்ன சாப்பிட்டீங்க?

மாமனார்: நீ போடுறதைத்தான். உப்பும் இல்லாம, உறைப்பும் இல்லாம...

மருமகள்: அந்தத் தேன் புட்டியை எடுங்க.

மாமனார்: அது எதுக்கு?

மருமகள்: ஒரு கிலோ புட்டி. அடியில ஒரு விரல் அளவுகூட இல்ல.

மாமனார்: நீதானேம்மா தினம் காலையில புண்ணுல தடவிக் கட்டுறே. குறையாம என்ன செய்யும்?

மருமகள்: பஞ்சைத் தேடுறேன்.

மாமனார்: கையிலதான் இருக்கு.

மருமகள்: தெரியும்.

மாமனார்: தேன் லேசுப்பட்டதில்லம்மா. தீப்புண்ணு, வாய்ப்புண்ணு எல்லாத்துக்கும் கேக்கும். உன் புருஷன் சின்னப் பையனா இருந்தப்ப ராத்திரி முழுக்க இருமுவான். இஞ்சிச்சாத்துல தேன் கலந்து ஒரு ஸ்பூன் குடுத்தா, அப்பிடியே அடங்கிடும்.

மருமகள்: இருமலுக்கு நல்லதுதான். நான் இல்லைங்கலை. புண்ணுக்கு ஆஸ்பத்திரியிலகூடத் தேன் போடுறாங்க. ஆனா அது கிருமி இல்லாம சுத்தம் பண்ணி டியூப்ல அடைச்சது. உங்க புட்டியில ஈ செத்துக் கிடக்குது.

மாமனார்: ஈயும் தேனைத் தேடித்தானே வந்துச்சு.

மருமகள்: நாட்டு வைத்தியரே சூரணத்தைத் தேன்ல குழைச்சுத்தானே குடுப்பார்? தேன் வண்டி மாதிரி மாமா. உள்ள மருந்து உக்காந்திருக்கணும். வெறும் வண்டி வந்து என்ன பண்ணும்?

மாமனார்: படிச்சவ. உன்கிட்ட வாய் குடுத்து மீள முடியுமா?

மருமகள்: ரெண்டு குடும்பத்துலயும் மொதப் பட்டம் என்னோடது. ஊரெல்லாம் மருந்துச் சீட்டைத் தூக்கிட்டு வந்து என்கிட்ட கேக்குது. நீங்க மட்டும் டாக்டர் குடுத்த களிம்பை மரத்தூளோட சேத்துக் குப்பையில போட்டீங்க.

மாமனார்: எங்க அண்ணனும் ஒரு விரலுக்குத்தான் ஆஸ்பத்திரி போனான். முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் இல்லாம வந்தான். மொதல்ல களிம்புதான் குடுத்தாங்க.

மருமகள்: பெரிய மாமா புண்ணு வந்து ஆறு மாசம் கழிச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதை யாரும் சொல்றதில்ல.

மாமனார்: ...சரி, கட்டு. நான் சுவரைப் பாத்துக்கிறேன்.

மருமகள்: இல்ல, இன்னிக்குத் திரும்பிப் பாருங்க. பத்து நாளா புண்ணைப் பாக்கப் பயந்து சுவரையே பாத்தீங்க. பாருங்க.

மாமனார்: ...சின்னதாயிருக்கே.

மருமகள்: புண்ணு ஆறுது, சர்க்கரை ஏறுது. இப்படியே ஏறினா ஆறுற புண்ணும் திரும்பிக்கும். நாளைக்கு டாக்டர் காரணம் கேப்பார், நான் சொல்லியாகணும். அதனால கேளுங்க. உங்க புட்டியிலேருந்து ஒரு சொட்டுகூட இந்தக் கால்ல பட்டதில்ல. களிம்பை நான் மறுபடி வாங்கிட்டேன். பத்து நாளும் அதைத்தான் தடவுனேன். தேன்னு சொன்னாத்தானே நீங்க காலை நீட்டுவீங்க.

மாமனார்: ம்.

மருமகள்: வெறும் ம்-தானா? ரெண்டு திட்டாவது திட்டுங்க.

மாமனார்: எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்.

மருமகள்: எப்படி? சுவரைத்தானே பாத்துக்கிட்டிருந்தீங்க.

மாமனார்: பட்டறையில ஒரு துளி டீ சிந்தினா வரிசை கட்டுற எறும்பு, தேன் தடவின காலைச் சும்மா விடுமா? நாள் முழுக்கத் தரையில நீட்டி வச்சிருந்தேன். ஒண்ணுகூட எட்டிப் பாக்கலை.

மருமகள்: அப்ப ஏன் கேக்கலை?

மாமனார்: கேட்டா நீ உண்மையைச் சொல்லிடுவே. சொல்லிட்டா நான் வேண்டாம்னு சொல்லணும். அத்தனை பேருக்கு முன்னாடி களிம்பைத் தூக்கி எறிஞ்சவன்... வலி வேற குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

மருமகள்: அதுக்கும் புட்டி காலியானதுக்கும் என்ன சம்பந்தம்?

மாமனார்: தினம் தேன் தடவுறதா நீ சொல்றே, புட்டி அப்பிடியே இருக்கு. உன் புருஷன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருப்பானா? அவன் கேட்டா எல்லாம் உடைஞ்சுடும். அதான் தினம் நீ வேலைக்குப் போனதும் அஞ்சாறு ஸ்பூன் வாயில...

மருமகள்: குறையணும்னா சாக்கடையில ஊத்திருக்கலாமே மாமா.

மாமனார்: மருந்தைப் போய் யாராவது சாக்கடையில ஊத்துவாங்களா?