இரண்டாவது கண்ணுக்கு ஒரு கேள்வி

மேடையில் இருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, அறுவை அரங்கத் தோழர்களே, அம்மையாரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் கணவர் ஐயா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மயக்கவியல் மருத்துவர் அம்மையாருக்கு நாம் வைத்த பெயர் ‘கேள்வி டாக்டர்’. அது அவர் காதுக்கும் எட்டியது. “பதில் தெரியாதவங்க வச்ச பேரு” என்று சிரித்தார்.

ஏன் அந்தப் பெயர்? பேருந்து ஓட்டுநர் ஒருவர் கண்புரை அறுவைக்காக வந்தார். முதல் கண் நல்லபடியாக முடிந்திருந்தது. மறு கண்ணுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டதும் இமை வீங்கி, கண் பிதுங்கி நின்றது. அறுவையை நிறுத்தினோம். ரத்தக்கசிவு என்றார் ஒருவர். அந்த மருந்தே இவருக்கு ஆகாது என்றார் இன்னொருவர். ஓட்டுநருக்கோ வேலை போய்விடுமே என்ற பயம்.

“போன தடவை ஒண்ணும் ஆகலையே?” என்று அழுதார் அவர் மனைவி.

பதில் அம்மையாரிடம் இருந்தது. மருந்து சீக்கிரம் பரவ அதில் ஒரு நொதியைக் கலக்கிறோம். முதல் தடவை உடம்பு அதை அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளும். சிலருக்கு மறுதடவை சண்டைக்கு வரும். வீக்கம் வற்றிய பிறகு, ஓட்டுநரின் முன்கையில் மருந்தையும் நொதியையும் தனித்தனியே சொட்டு வைத்துக் குத்திப் பார்த்தார். நொதி பட்ட இடம் மட்டும் தடித்தது.

“மருந்து மேல பழி போடாதீங்க. கூட வந்த கூட்டாளியைப் பிடிங்க” என்றார். கூட்டாளி இல்லாமல் ஊசி போட்டோம். ஓட்டுநர் மறுபடியும் பேருந்து ஓட்டினார்.

அன்றிலிருந்து இரண்டாவது கண்ணுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அவரே கேட்பார்: “போன தடவை ஊசிக்கப்புறம் அரிச்சுதா, வீங்கிச்சா?” கையுறை மாட்டிக்கொண்டு நாங்கள் பல்லைக் கடிப்போம். அவர் அவசரப்பட்டதுண்டா? “பதில் வரட்டும் டாக்டர், கண்ணு எங்கயும் ஓடிடாது” என்பார்.

ஐயாவுக்கும் கண்புரை. ஒரு கண்ணில் அறுவை முடிந்துவிட்டது. மறு கண் இனிமேல்தான். நேற்று வீட்டுக்குப் போனபோது மெதுவாகச் சொன்னார்: “போன தடவை கொஞ்சம் அரிச்சுது டாக்டர். அவகிட்ட சொன்னா பயப்படுவான்னு விட்டுட்டேன். எப்படியும் அடுத்த தடவை கேப்பா, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

ஐயா, உங்கள் பதில் எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. முன்கையில் குத்திப் பார்க்காமல் உங்கள் கண்ணைத் தொட மாட்டோம். அவர் கேட்ட கேள்வியைக் கேட்காமல் நம் அறுவை அரங்கத்தில் இனி ஊசி எடுக்க மாட்டோம். பதில் வரும்வரை நான் கையுறையோடு காத்து நிற்பேன். பல்லைக் கடிக்க மாட்டேன்.