தூங்க வைக்கும் சீட்

அக்ரஹாரம் என்னும் கடைத்தெருவில் பைக் சீட் தைக்கும் கடையில் என் ஸ்கூட்டருக்காகக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே நின்ற அவர்கள் பைக்கின் ஹேண்டில் ரேஸ் வண்டி போலத் தாழ்ந்திருந்தது. சீட் மட்டும் சோபா போல உப்பியிருந்தது.

"இந்த சீட்டுல இருக்கற தூக்கத்த மொதல்ல எடுக்கச் சொல்லணும்," என்றார் கணவர்.

"ஏனுங்க, தூரம் போறதுக்குன்னு நீங்கதான மெத்தை வெச்சீங்க?"

"வெச்சேன். நம்ம ஊரு மார்டள்ளிக்குப் போறப்பெல்லாம் கொள்ளேகால் தாண்டுனதும் நீ தூங்கிடற. எண்பதுல பறக்கற வண்டிய நிறுத்தி, துண்டால உன்ன என் இடுப்போட கட்டி, முப்பதுல உருட்டிட்டுப் போறேன். சைக்கிள்காரன் பெல் அடிச்சு வழி கேக்கறான்."

"அதுக்கு?"

"ஸ்வல்பம் கெட்டியா தைக்கச் சொல்றேன். முழிச்சிட்டு வருவ."

மனைவி எழுந்து போய் சீட்டை அமுக்கிப் பார்த்தார்.

"நான் எங்கீங்க தூங்குனேன்? கண்ண மூடிக்குவேன். அப்பத்தான கட்டுவீங்க."

கடைக்காரர் வந்து, மெத்தையை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். இன்னும் ஓர் அங்குலம் சேர்த்துத் தைக்கச் சொன்னார் கணவர்.