மழையில் தெரிந்த நல்வரவு

தலைமைக் கதிரையைத் தம் புன்னகையால் நிறைத்திருக்கும் தலைவர் இராஜரத்தினம் ஐயா அவர்களே! முன்வரிசை மூத்தோரே! மகாவலிக் காற்றையும் மழைத் தூறலையும் மதியாது வந்திருக்கும் தாய்மாரே! வடைக் கடையை விட்டுவர மனமில்லாத தம்பிமாரே, உங்களுக்கும் என் வணக்கம்!

பல வருடங்களுக்கு முன், போரில் மாண்ட அனைவருக்கும் நம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு நினைவுச் சின்னம் வேண்டுமென்றோம். கல் வந்ததா? இல்லை! திறப்பு விழா நாள் வந்துவிட்டது! அப்போது கைகொடுத்தவர் கல்யாண மேடை போடும் நஸீம் நானா. "ஒரு கெழமைக்குத்தானே? எங்கட பலகைய எடுங்க" என்றார். எடுத்தோம், நிறுத்தினோம், வெள்ளைச் சுண்ணாம்பு பூசினோம். அடடா, பளிங்கு மாளிகை தோற்றது!

விளக்கேற்றும் நேரம், கொட்டியதே மழை! சுண்ணாம்பு வழிந்தது. உள்ளேயிருந்து எழுந்தது என்ன? பூப்போட்ட எழுத்தில், கல்யாண வாசலின் "நல்வரவு"!

சிரிக்கிறீர்களா? அன்றும் சிரித்தோம். நானா பதறி, தூரிகையோடு ஓடினார். குறுக்கே வந்து நின்றவர், இதோ முன்வரிசையில் இருக்கும் கஜலட்சுமி அம்மா. லொறியோடு வவுனியாவுக்குப் போன மகனை ஷெல்லுக்குப் பறிகொடுத்தவர்.

"அழிக்காதீங்க தம்பி. எம் மவன் பொணமாக்கூட வீட்டுக்கு வரல. வாய்யான்னு கூப்புட எனக்குக் குடுத்துவைக்கல. இந்தப் பலகையாவது கூப்புடட்டும்."

அழுதோம் ஐயா, அத்தனை பேரும் அழுதோம்! ஒரு வாரத்துக்கென்று வாங்கிய பலகைக்குத் தகரக் கூரை போட்டோம், முட்டுக் கொடுத்தோம், வருடக்கணக்காய்க் காத்தோம். நானாவின் கல்யாண வாசலுக்குத்தான் இன்றுவரை ஒரு பக்கம் இல்லை!

நாளை பலகை இறங்குகிறது, கருங்கல் ஏறுகிறது. ஆனால் கல்லில் அந்தச் சொல் இல்லையாம்! கேட்டால் நம் தலைவர், "ஓம் தம்பி, அது கலியாண வீட்டுச் சொல்லெல்லோ? கௌரவமா இராது" என்கிறார்.

எது ஐயா கௌரவம்? வீரம் என்று வெட்டினால் கௌரவமா? தியாகம் என்று தீட்டினால் கௌரவமா? சோற்றைப் போட்டு மூடிவைத்து வாசலைப் பார்த்திருந்த தாய்க்கு அவற்றால் ஆவதென்ன? அவர் கேட்பது ஒரே ஒரு சொல்! கல்வெட்டுபவர் உளியோடு காத்திருக்கிறார், தலைவரே. சொல்லுங்கள்!

ஆ! தலையாட்டுகிறார்! தட்டுங்கள் கையை! அம்மா, எழும்ப வேண்டாம், இருங்கள். நாளையிலிருந்து உங்கள் பிள்ளையைக் கல்லே கூப்பிடும்.

மழையிலும் வந்தவர்களுக்கு என் நன்றி. வராமலே போனவர்களுக்கு, நல்வரவு!